வீட்டுத் தோட்டத்தில் டிராம்போலின்: இடம் பார்ப்பது முதல் கழற்றி வைப்பது வரை

ஏப்ரலில் தொடர்ந்து நான்கு நாள் வெயில் அடித்துவிட்டால் போதும், இங்கிலாந்தின் புறநகர்களில் வேலிக்கு மேலே பிள்ளைகளின் தலைகள் தோன்றி மறையத் தொடங்கிவிடும். ஹாரோ, குராய்டன் பக்கம் குடியேறிய தமிழ் வீடுகளும் இதற்கு விலக்கில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டும் ஆயிற்று, பெற்றோருக்கு உடற்பயிற்சியும் ஆயிற்று என்று ஒரே செலவில் இரண்டு கணக்குப் போட்டுத்தான் பலரும், வட்டச் சட்டத்தில் (ஃபிரேமில்) ஸ்பிரிங்குகளால் இழுத்துக் கட்டிய விரிப்பில் ஏறிக் குதிக்கும் டிராம்போலினை வாங்குகிறார்கள். கணக்கில் தப்பில்லை. ஆனால் உடலுக்கு நல்லது செய்வது தாழ்வான, சீரான, ஒருவர் மட்டும் குதிக்கிற குதிப்பு. எலும்பை முறிப்பது உயரக் குதிப்பும் கூட்டமாகக் குதிப்பதும். விளம்பரப் படத்தில் நான்கு பேர் சிரித்துக்கொண்டே ஒன்றாகக் காற்றில் பறப்பார்கள். அந்தப் படத்தை மனத்திலிருந்து அழித்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தக் கருவி தோட்டத்துக்காகப் பிறந்ததே அல்ல. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜார்ஜ் நிசன் என்ற ஜிம்னாஸ்டிக் வீரரும் அவருடைய பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டும் 1930-களில் இதை உருவாக்கினார்கள். சர்க்கஸில் அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞர்கள் ஆட்டம் முடிந்ததும் கீழே கட்டிய வலையில் விழுந்து துள்ளி எழுவதைப் பார்த்ததுதான் நிசனுக்குத் தூண்டுதல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளுக்கு இதில் பயிற்சி கொடுத்தது. 2000-இல் சிட்னியில் ஒலிம்பிக் போட்டியாகவும் ஆனது. ஆக, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, தேர்ந்த உடல்கள் பயன்படுத்திய கருவி இது. தோட்டத்துக்கு வரும்போது கருவி மட்டும் வந்தது, பயிற்சியாளர் வரவில்லை.

குதிப்பதால் உடலுக்கு என்ன கிடைக்கிறது

சிமெண்ட் தரையில் குதித்தால் உடல் சில சென்டிமீட்டருக்குள் நின்றாக வேண்டும். அந்த அதிர்ச்சி முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும் இறங்கும். டிராம்போலினில் விரிப்பு கீழே வளைந்து கொடுப்பதால், நிற்பதற்கு உடலுக்கு அதிக தூரமும் நேரமும் கிடைக்கின்றன. அதே வேகம், ஆனால் தாக்கம் குறைவு. ஓடுவதற்கு மூட்டு இடம் கொடுக்காதவர்கள் இதில் ஆறுதல் காண்பது இதனால்தான்.

இதைப் பற்றி நாசா ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை மிகப் பிரபலம். எட்டு இளைஞர்களின் கணுக்கால், முதுகு, தலை ஆகிய மூன்று இடங்களிலும் முடுக்கத்தை அளந்தார்கள். ஓடும்போது கணுக்காலில் பதிவான முடுக்கம் முதுகிலும் தலையிலும் பதிவானதைவிட இரண்டு மடங்குக்கு மேல். டிராம்போலினில் அந்தச் சுமை மூன்று இடங்களிலும் ஏறக்குறைய சமமாகப் பரவியது. இதுதான் அந்த ஆய்வின் சாரம். 'ஓட்டத்தைவிட 68 விழுக்காடு சிறந்தது என்று நாசாவே சொல்லிவிட்டது' என்று விற்பனைத் தளங்கள் முழங்குவதும் இதே கட்டுரையை வைத்துத்தான். ஒரே அளவு ஆக்சிஜன் செலவில் உடல் செய்யும் வேலையை ஒப்பிட்டபோது கிடைத்த மிகப் பெரிய வித்தியாசம்தான் அந்த 68. எட்டு இளைஞர்களிடம் கண்ட ஓர் உச்ச அளவை, ஐம்பது வயதுக்காரரின் ஆரோக்கியத்துக்குக் கொடுத்த உத்தரவாதமாக மாற்றியது விளம்பரக்காரர்களின் கைவண்ணம்.

மூச்சும் இதயமும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடப் பயனுள்ள சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க உடற்பயிற்சி மன்றத்துக்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் சிறிய டிராம்போலின்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2016-இல் வெளியான அதன் முடிவுப்படி, கல்லூரி வயது ஆண்கள் நிமிடத்துக்குச் சராசரியாக 12.4 கலோரியும் பெண்கள் 9.4 கலோரியும் செலவிட்டார்கள். மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்கு இது ஒப்பானது. ஆனால் அவர்களிடம் கேட்டபோது, உண்மையில் பட்ட பாட்டைவிடக் குறைவாகவே உணர்ந்ததாகச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் டிராம்போலினின் பெரிய நன்மையே இதுதான். வியர்வை வருகிறது, வெறுப்பு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியை நடைப்பயிற்சியால் எட்ட முடியாமல் ஜனவரியோடு கைவிடுகிறவர்களுக்கு இது உதவும்.

சமநிலை அடுத்தது. காலடியில் தரை அசையும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகளும் வயிற்றுத் தசைகளும் ஓயாமல் திருத்தம் செய்தபடி இருக்கின்றன. முதியவர்களுக்குக் கண்காணிப்போடு சிறிய டிராம்போலினில் பயிற்சி கொடுத்த ஆய்வுகளில் சமநிலை மேம்பட்டிருக்கிறது. பிரிட்டனில் எடி ஆண்டர்சன் என்பவர் உருவாக்கிய, டிராம்போலினையே சிகிச்சைக் கருவியாகப் பயன்படுத்தும் 'ரீபவுண்டு தெரபி' சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளிகளில் இடம்பெற்றிருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை அமைதிப்படுத்தவும் சிகிச்சையாளர்கள் சிறிய டிராம்போலினைப் பரிந்துரைப்பது உண்டு.

'நிணநீரைக் கழுவுகிறது, உடலின் நச்சை நீக்குகிறது' என்ற பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். தசை அசைந்தால் நிணநீர் நகரும். மாடிப்படி ஏறினாலும் அது நடக்கும். நச்சைப் பார்த்துக்கொள்ளக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

முதல் படி: அளவு நாடாவை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் தோட்டத்தை அளக்க வேண்டும். டிராம்போலினைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு மீட்டர் வெற்றிடம் தேவை, இரண்டரை இருந்தால் நல்லது. எட்டு அடி டிராம்போலின் என்பது 2.44 மீட்டர். இரு பக்கமும் இரண்டு இரண்டு மீட்டர் சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறரை மீட்டர் அகலம் வேண்டும். லண்டன் வரிசை வீடுகளில் பல தோட்டங்களின் அகலமே ஐந்து மீட்டர்தான். ஆறு அடி டிராம்போலின்கூட அங்கே நியாயமாக அடங்காது. வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவில் பத்தடி டிராம்போலினை நெருக்கி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம் என்பது வேறு விஷயம். இடமில்லாதவர்கள் ஒரு மீட்டர் விட்டமுள்ள சிறிய டிராம்போலினை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன உடல்நலப் பலன்களில் பெரும்பாலானவை அதிலேயே கிடைத்துவிடும். கூரையின் உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சுழலும் சென்னை வீடுகளில் இன்னும் கவனமாக.

தலைக்கு மேலே மரக்கிளை, துணி காயும் கொடி, மின்கம்பி எதுவும் கூடாது. அடியில் புல்தரையோ மரச்சீவல் பரப்பிய மண்ணோ இருக்கலாம், சிமெண்ட் தளமும் கல் பதித்த தளமும் வேண்டாம். தரை சரிவாக இருந்தால் குதிப்பவர் ஒவ்வொரு துள்ளலிலும் பள்ளமான பக்கமாக நகர்ந்துகொண்டே போவார். சமதளம் பார்த்து வையுங்கள் அல்லது மண்ணை வெட்டிச் சமப்படுத்துங்கள்.

குழி வெட்டித் தரைமட்டத்தில் பதிக்கும் வகையும் உண்டு. பார்க்க அழகு, விழும் உயரமும் குறைவு. ஆனால் விரிப்புக்கு அடியில் அடைபடும் காற்று வெளியேற வழி வேண்டும், மழைநீர் வடிய வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தின் களிமண்ணில் வடிகால் இல்லாமல் குழி வெட்டினால் நவம்பரில் அது குளமாகிவிடும்.

அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை குதிக்கும் உயரத்திலிருந்து அவர்கள் சமையலறை தெரிகிறதா என்று ஒருமுறை ஏறி நின்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்தால் பல வருட முகச்சுளிப்பைத் தவிர்க்கலாம்.

இரண்டாம் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஐரோப்பாவில் வீட்டு டிராம்போலின்களுக்கான தர விதி ஈஎன் 71-14. பெட்டியிலோ குறிப்பேட்டிலோ அந்த எண் இருக்கிறதா பாருங்கள். பிறகு எடை வரம்பு. பெரியவர்களும் பயன்படுத்துவதாக இருந்தால் வீட்டிலேயே கனமானவரின் எடைக்கு மேல் நல்ல இடைவெளி இருக்கட்டும். சட்டம் துத்தநாகப் பூச்சுள்ள எஃகாக இருக்க வேண்டும். பெயிண்ட் மட்டும் அடித்தது என்றால் பிரிட்டன் மழைக்கு நீடிக்காது.

பாதுகாப்பு வலை ஸ்பிரிங்குகளுக்கு வெளியே சட்டத்தில் கட்டப்பட்டிருக்கிறதா, உள்ளே விரிப்பின் விளிம்பிலா என்பதைக் கேளுங்கள். உள்ளே இருப்பதே மேல். வெளியே இருந்தால் வலை ஆளைத் தடுக்கும், கால் மட்டும் ஸ்பிரிங் இடுக்கில் இறங்கும். நியூசிலாந்தின் காண்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியாளர் கீத் அலெக்சாண்டர் ஸ்பிரிங்கையே ஒழித்துவிட்டு, விரிப்புக்குக் கீழே சாய்வாகப் பொருத்திய கண்ணாடியிழைத் தண்டுகளால் இயங்கும் டிராம்போலினை உருவாக்கினார். தண்டுகளும் சட்டமும் காலுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுகின்றன. விலை அதிகம்தான், கையில் பணம் இருந்தால் யோசிக்கலாம்.

பழையதை வாங்குவோர், 'எடுத்துப் போனால் போதும்' என்று இலவசமாகக் கொடுப்பதை ஏற்போர், மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் கால்கள் சட்டத்தில் செருகும் குழாய் வாய். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். சாவியால் சுரண்டினால் மேல் பொடி உதிர்வது பரவாயில்லை, உலோகமே ஏடு ஏடாகப் பெயர்ந்தால் வேண்டாம். அடுத்து விரிப்பின் ஓரத்தில் ஸ்பிரிங் மாட்டும் முக்கோண வளையங்களைப் பிடித்திருக்கும் தையல். நூல் வெளுத்து, நகத்தால் நெருடினால் அறுகிறது என்றால் அந்த விரிப்பு ஒருநாள் ஆளோடு சேர்ந்து கிழியும். மூன்றாவது வலை. இரண்டு விரலால் கிள்ளி முறுக்கினால் மாவாக உதிரும் வலை வெயிலில் செத்துப்போனது. வலையும் விரிப்பும் தனியாகக் கிடைக்கும், சட்டம் கெட்டிருந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பொருத்துதல்

இரண்டு பேரும் அரை நாளும் தேவை. தடித்த கையுறை கட்டாயம். வட்டச் சட்டத்தின் துண்டுகளைப் புல்தரையில் அடுக்கி இணைத்து, கால்களைப் பொருத்தி, நிமிர்த்தி நிறுத்துவது வரை எளிது. ஸ்பிரிங்கில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள்.

ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக மாட்டிக்கொண்டே போகக்கூடாது. பாதி வட்டம் முடிவதற்குள் விரிப்பு முழுவதும் அந்தப் பக்கம் இழுபட்டு, எதிர்ப்பக்க வளையம் எட்டவே எட்டாது. கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி இடத்தில் ஒன்று மாட்டினால் அடுத்தது 6 மணியில், பிறகு 3, பிறகு 9. அதன் பின் ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஒன்று. முதல் நான்கை மாட்டியவுடன் இரண்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் சட்டத்தில் எத்தனை துளை, விரிப்பில் எத்தனை வளையம் என்று எண்ணிச் சரிபார்த்துவிட வேண்டும். ஒன்று தவறினாலும் கடைசியில் ஒரு வளையம் துளையில்லாமல் நிற்கும், பாதியைக் கழற்ற வேண்டி வரும். ஸ்பிரிங்கை இழுக்கப் பெட்டியிலேயே ஒரு கொக்கி இருக்கும். கொக்கியை ஸ்பிரிங்கில் மாட்டி, உடலைப் பின்னால் சாய்த்து உடல் எடையால் இழுங்கள். முகத்தை ஸ்பிரிங்கின் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். கை நழுவினால் அது பாய்ந்து வரும்.

எல்லாம் மாட்டியபின் ஸ்பிரிங்குகளை மூடும் மெத்தை உறை, அதன்பின் வலைத் தூண்கள், வலை. பிள்ளைகள் ஏறும் முன் பெரியவர் ஒருவர் நடுவில் நின்று மெதுவாக எழும்பிப் பார்த்துவிட்டு, எல்லா போல்ட்டுகளையும் இன்னொரு முறை முறுக்க வேண்டும். புதுச் சட்டம் முதல் குதிப்புகளில் அமர்ந்து கொஞ்சம் தளரும்.

நான்காம் படி: காற்றுக்குக் கட்டுதல்

எங்கள் வீட்டுத் தோட்டம் ஒதுக்குப்புறம், காற்று வராது என்பார்கள். 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அடித்தபோது தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு டிராம்போலின் பறந்து வந்து ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. பிரிட்டனில் புயல் எச்சரிக்கை வந்தால் டிராம்போலினைக் கட்டிவையுங்கள் என்று ரயில்வே நிர்வாகம் மக்களைக் கேட்டுக்கொள்வது இப்போது வழக்கமான செய்தி. விரிப்பு அடியிலிருந்து காற்றை வாங்குகிறது, வலை பக்கவாட்டில் பாயாக விரிகிறது. திருகாணி போல மண்ணில் இறங்கும் நங்கூரக் கம்பிகளை நான்கு பக்கமும் இறக்கி, பட்டையால் சட்டத்தோடு இறுக்குங்கள். வெறும் ஆணி மாதிரி அடிக்கும் முளைகள் ஈர மண்ணில் வெண்ணெயில் இறங்கிய கத்தியாய் வெளியே வந்துவிடும். புயல் அறிவிப்பு வந்தால் வலையை அவிழ்த்துவிடுவது பாதி வேலையை முடிக்கும்.

ஐந்தாம் படி: ஒருவர் பின் ஒருவர்

வீட்டில் வேறு எந்த விதியும் இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டும்: ஒரு நேரத்தில் ஒருவர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால்வாசி பலர் சேர்ந்து குதிக்கும்போது நடந்தவை என்கிறது. அப்படிக் குதிக்கும்போது அடிபடுவது பெரும்பாலும் கூட்டத்திலேயே சிறிய பிள்ளை. வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்பதுதான் அந்தக் கழகத்தின் நிலைப்பாடு. அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன், ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் முழுக்கச் சரி.

எண்பது கிலோ அப்பா இறங்கி அழுத்திய விரிப்பு முழு விசையோடு மேலே எழும்பும் அதே கணத்தில், இருபது கிலோ மகள் கீழே வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கால் தொடுவது வளைந்து கொடுக்கும் விரிப்பை அல்ல, எதிர்த்து மேலே வரும் விரைப்பான பரப்பை. மோதலின் வேகம் இரண்டும் சேர்ந்தது. அப்பாவின் ஆற்றல் அவளுடைய கீழ்க்கால் எலும்பில் இறங்குகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே உண்டாகும் இந்த முறிவுக்கு மருத்துவர்கள் டிராம்போலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இது அதிகம். ஆகவே 'நான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று ஏறும் அன்பான பெரியப்பாவும் சித்தியும்தான் அங்கே இருக்கும் பெரிய ஆபத்து. பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் வலைக்கு வெளியே நிற்கட்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தோட்ட டிராம்போலினில் ஏற்றவே வேண்டாம்.

பிறந்தநாள் விருந்தன்று இந்த விதி காற்றில் பறக்கும். வலையின் வாயிலை அன்று கட்டிப் பூட்டிவிடுவது நல்லது, முறை வைத்து அனுப்பலாம் என்பதெல்லாம் பன்னிரண்டு பிள்ளைகளிடம் செல்லாது.

குட்டிக்கரணம் கூடாது. கழுத்து எலும்பும் தண்டுவடமும் அடிபடும் மோசமான விபத்துகள் அதில்தான் நிகழ்கின்றன. வலை கட்டினால் கவலை இல்லை என்ற எண்ணமும் தவறு. வெளியே விழுவதை வலை தடுக்கும், உள்ளே நடப்பதை அல்ல. இறங்கும்போது தரைக்குக் குதிக்கக்கூடாது: விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, ஏணியில் இறங்க வேண்டும். சிறிது நேரம் குதித்த கால்களுக்குக் கெட்டித் தரை அந்நியமாக இருக்கும், மடங்கிவிடும்.

ஆறாம் படி: பெரியவர்களுக்கான பயிற்சி

முதல் வாரம் நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். வெறுங்காலோடு அல்லது அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறையோடு, தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து நடுவில் நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். பார்வை எதிரே சட்டத்தின் விளிம்பில். குனிந்து காலைப் பார்த்தால் தலை சுற்றும். இப்போது முழங்காலை மடக்கி நீட்டி விரிப்பை அழுத்துங்கள், பாதம் விரிப்பை விட்டு எழும்பவே வேண்டாம். இப்படிச் செய்யும்போது கீழ்ப்புள்ளியில் உடல் உணரும் எடை ஏறக்குறைய இரண்டு மடங்குக்குள் நிற்கும். பாதம் காற்றுக்குப் போனால்தான் அது தாண்டும்.

மேலே போவதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். விரிப்பைத் தொடும் கணத்தில் முழங்காலையும் இடுப்பையும் நன்றாக மடக்கினால், எழுப்பும் விசையைக் கால்கள் உறிஞ்சிக்கொள்ளும், உடல் அப்படியே நிற்கும். சமநிலை குலையும்போது தன்னிச்சையாக இதைச் செய்ய வேண்டும். கையை நீட்டி ஊன்றுவதால்தான் மணிக்கட்டு முறிகிறது.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நின்ற இடத்திலேயே மெல்லோட்டம், முழங்காலைத் தூக்கி நடப்பது, கால்களை அகட்டிச் சேர்ப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து, பதினைந்து நிமிடம் ஆக்கலாம். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெல்லிய அழுத்தம் என்று மாற்றி மாற்றிச் செய்தால் சலிப்பும் வராது. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட மட்டும் முடியவில்லை என்றால் வேகம் சரி. ஒரு பிடி உயரத்துக்கு மேல் எழும்பத் தேவையே இல்லை. கூடுதல் பயன் வேண்டுமென்றால் உயரத்தைக் கூட்டாமல் தாளத்தைக் கூட்டுங்கள்.

சாப்பிட்டவுடன் ஏறாதீர்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்ட ஞாயிறு காலைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி கொடுங்கள்.

பேசக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குதிக்கும்போது சிறுநீர் கசிவது பெண்களுக்கு மிகச் சாதாரணம். ஸ்வீடனின் முன்னணி டிராம்போலின் வீராங்கனைகள் 35 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 80 விழுக்காட்டினர் இதைச் சொன்னார்கள். அவர்களில் யாரும் பிள்ளை பெற்றவர்கள் அல்ல. பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் வலுப்படும் முன் குதிக்கத் தொடங்கினால் கசிவு கூடும். முதலில் அந்தத் தசைகளுக்கான பயிற்சி, பிறகு பாதம் எழும்பாத மெல்லிய அழுத்தம், அதன் பிறகுதான் மற்றவை. இயன்முறை மருத்துவரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், விழித்திரை சிகிச்சை பெற்றவர்கள், அண்மையில் முழங்கால் அல்லது முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் ஏற வேண்டாம். நீரிழிவு நம் குடும்பங்களில் அதிகம். நீண்ட நாள் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு விரிப்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே மட்டுப்படும், ஓரத்தில் கீறல் பட்டாலும் தெரியாது. அவர்களுக்கு நடைப்பயிற்சியே உத்தமம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால், அதைப் பரிசோதித்த பிறகே அனுமதிக்க வேண்டும்.

ஏழாம் படி: பராமரிப்பு

மாதம் ஒருமுறை ஸ்பிரிங்குகளின் மேல் கையை ஓட்டிப் பாருங்கள். யாரும் ஏறாதபோதே சுருள்களுக்கு நடுவில் அதிக இடைவெளி தெரியும் ஸ்பிரிங் இழுபட்டுப் போனது, மாற்றிவிடுங்கள். மெத்தை உறைதான் முதலில் கிழியும். கிழிந்த உறையோடு ஒரு நாள்கூடப் பயன்படுத்தக்கூடாது. புல் மஞ்சளாகிவிடும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை டிராம்போலினை நகர்த்துவது புல்லுக்கும் நல்லது, அடியில் சேரும் பந்து, பொம்மைகளை எடுக்கவும் வாய்ப்பு. யாராவது குதிக்கும்போது அடியில் பூனை உட்பட எந்த உயிரும் இருக்கக்கூடாது.

அக்டோபர் கடைசியில் வலையையும் மெத்தை உறையையும் அவிழ்த்து, காயவைத்து, கொட்டகையில் வையுங்கள். விரிப்பில் சேரும் இலைகளைப் பெருக்கித் தள்ளுங்கள், ஈர இலை தையலை அரிக்கும். கனடாவில் இருப்பவர்கள் விரிப்பையே கழற்றிவிடலாம், பனியின் எடை குளிர்காலம் முழுக்க ஸ்பிரிங்குகளை இழுத்துக்கொண்டிருக்கும். மார்ச்சில் திரும்பப் பொருத்தும்போது கால்கள் செருகும் குழாய் வாயில் துருப் பார்க்க வேண்டும், எல்லா போல்ட்டுகளையும் முறுக்க வேண்டும், நங்கூரக் கம்பிகளை அசைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் துருவால் மெலிந்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள். எஃகையும் ஸ்பிரிங்குகளையும் உள்ளூராட்சியின் மறுசுழற்சி மையத்தில் உலோகப் பகுதியில் போடலாம். விரிப்பையும் வலையையும் எங்கே போடுவது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.